ஈறில் ரத்தம்: கொல்லும் மவுத்வாஷா, வளர்க்கும் மாத்திரையா?

பல் துலக்கும்போது ரத்தம் கசிகிறது என்று மருந்துக்கடைக்குப் போனால் இரண்டு வழிகள் கண்ணில் படும். ஒன்று, கிருமிகளைக் கொல்லும் பழைய குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ். மற்றொன்று, உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் சப்பு மாத்திரை.

குளோர்ஹெக்சிடினின் பலம், அது வாய்க்குள் பல மணி நேரம் ஒட்டி நிற்பது. பல்லின் மேல் படியும் படலத்தைக் குறைக்கிறது. இதில் சந்தேகமே இல்லை. ஆனால் நல்லது, கெட்டது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் நாக்கில்தான் குடியிருக்கின்றன. அந்த நைட்ரைட்டிலிருந்துதான் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உடலில் உருவாகிறது. ஆரோக்கியமானவர்கள் ஒரு வாரம் இப்படிக் கொப்பளித்ததில் ரத்த அழுத்தம் சற்றே உயர்ந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். பல்லில் பழுப்புக் கறை படிவதும் நாக்குச் சுவை மங்குவதும் தனி. மாதக்கணக்கில் இதைக் கொப்பளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

மாத்திரையின் கதை வேறு. அதில் அதிகம் சோதிக்கப்பட்ட பாக்டீரியா லாக்டோபேசிலஸ் ரியூட்டரி. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பற்காரையைச் சுரண்டி எடுத்தபின் 12 வாரம் இதைச் சப்பியவர்களுக்கு, வெற்று மாத்திரை சப்பியவர்களைவிட ஆழமான ஈறுப்பைகள் (ஈறு நோயில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் பள்ளங்கள்) கூடுதலாகச் சுருங்கின. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் பங்கேற்றவர்கள் வெறும் 30 பேர். 2020இல் ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டுதல், சுத்தம் செய்வதோடு புரோபயாட்டிக்கையும் சேர்க்க வேண்டாம் என்றே சொல்கிறது. சப்புவதை நிறுத்தினால் அந்த பாக்டீரியாவும் வாயில் நிலைப்பதில்லை. வீட்டுத் தயிர் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். தயிர் நல்ல உணவு. ஆனால் சோதிக்கப்பட்ட அந்த ரகம் அதில் இருக்கும் என்று எண்ண முடியாது.

இந்த இரண்டுமே தொடாத ஓர் இடம் இருக்கிறது. ஈறு நோயின் முக்கியக் குற்றவாளியான போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், ரத்தத்திலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்தைத் தின்று வளர்வது. வீங்கிக் கசியும் ஈறு அதற்குச் சோறு போடுகிறது. 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமான பையின் அடிவரை கொப்பளிக்கும் நீர் போய்ச் சேராது. சப்பும் மாத்திரை எச்சிலில்தான் கரைகிறது. உள்ளே இறுகிய காரையை இரண்டாலும் பெயர்க்க முடியாது. அதைப் பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் வீக்கம் வடியும், ரத்தம் நிற்கும், கிருமிக்குத் தீனி குறையும்.

ஆகவே என் தேர்வு இது. முதலில் ஸ்கேலிங், அதாவது பல் மருத்துவரிடம் காரையைச் சுரண்டி எடுப்பது. ஈறு அறுவைக்குப் பின் பிரஷ் வைக்க முடியாத நாட்களில், மருத்துவர் சொன்னால், இரண்டு வாரம் வரை குளோர்ஹெக்சிடின். பற்பசை போட்ட உடனே வேண்டாம், அரை மணி நேரம் கழித்து. மாத்திரைக்கு ஒதுக்கிய பணத்தில் பல்லிடுக்கில் நுழையும் சிறிய பிரஷ் வாங்குங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உயிருள்ள பாக்டீரியா மாத்திரையைத் தொடவே வேண்டாம்.