கமுதிப் பூங்காவா, மதுரை மொட்டைமாடியா, கம்பத்துக் காற்றா?

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்பூங்கா ஓடத் தொடங்கியபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. செலவு ரூ.4,550 கோடி, நிலம் சுமார் 2,500 ஏக்கர். எல்லோரும் கோடிக்கணக்கைத்தான் பேசினார்கள். எனக்கு ஏக்கர் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் பணத்தையே பார்ப்போம். கமுதியில் கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 70,000 ரூபாய் ஆனது. இன்று மதுரையில் வீட்டு மாடியில் 3 கிலோவாட் போட ஏறக்குறைய 2 லட்சம் ஆகிறது. அன்று பிரம்மாண்டப் பூங்காவில் ஒரு கிலோவாட்டுக்கு ஆன விலையில் இன்று ஒரு தனி வீடே மாடியில் பேனல் போட்டுக்கொள்ளலாம். விலை இப்படி இறங்கியது எப்படி? ஜெர்மனி 2000-ல் சட்டம் போட்டு, சூரிய மின்சாரத்துக்கு நிலையான விலை தந்தது. தேவை பெருகவும் சீனாவில் தொழிற்சாலைகள் பெருகின. 2010-க்குப் பிறகான பத்தாண்டில் பேனல் விலை சுமார் 90 சதவீதம் இறங்கியது. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியமும் உண்டு. இன்றைக்குப் புதிதாகப் பூங்கா கட்டினால் யூனிட் விலை மாடியைவிடக் குறைவாகவே வரும், மறுக்கவில்லை. ஆனால் மாடிக்கு ஒரு சென்ட் நிலமும் வாங்க வேண்டாம். 3 கிலோவாட் வீதம் 2,16,000 வீடுகள் போட்டால் கமுதியின் திறன் வந்துவிடும். மானாவாரி மிளகாய்க் காடும் ஆட்டு மேய்ச்சலும் அப்படியே இருக்கும்.

மாடிக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி வேண்டும். மாசி வீதிகளை ஒட்டிய நெருக்கமான வீடுகளில் பக்கத்து மாடியோ தண்ணீர்த் தொட்டியோ நிழல் போட்டால் ஒரு பேனலோடு நிற்காது, வரிசை முழுக்க உற்பத்தி படுத்துவிடும். சித்திரை வெயிலில் கரன்ட் கொட்டும் என்று நினைக்கிறோம். பேனல் 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் கழுவக் கழுவக் கறை படியும். இன்னொன்று, பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை பார்க்கும் லைன்மேன் மீது மாடிக் கரன்ட் பாயாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு அவசரம் இல்லை, 100 யூனிட் இலவசம்தானே. ஏசி ஓடி 500-ஐத் தாண்டும் வீடுதான் முதலில் போட வேண்டும்.

சரி, சூரியன் சாய்ந்த பிறகு? அங்கேதான் காற்று வருகிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை வீசும், ராத்திரியிலும் வீசும். மற்ற மாதங்களில் சோர்ந்துவிடும் என்பதால் காற்றை மட்டும் நம்பவும் முடியாது. மாடிக்குத் துணையாக வைக்கலாம்.

சொந்த மாடி இல்லாமல் வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் ஆலைகளுக்கும் பூங்கா வேண்டியதுதான். அப்படிக் கட்டினால் கர்நாடகத்தின் பாவகடா வழி நல்லது. அங்கே 2,050 மெகாவாட்டுக்குச் சுமார் 13,000 ஏக்கரை விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். நிலம் அவர்கள் பேரிலேயே இருக்கிறது, வருஷா வருஷம் பணமும் வருகிறது. காற்றுக்கோ புதிய நிலமே தேட வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்தின் முப்பந்தல் பக்கம் 1990-களில் நட்ட 250 கிலோவாட் காற்றாலைகள் நல்ல காற்றுள்ள இடங்களைப் பிடித்து நிற்கின்றன. முதலில் அவற்றைக் கழற்றிவிட்டு 2, 3 மெகாவாட் எந்திரங்களை நட வேண்டும்.