ரணிலா, அநுரவா: வெளியுறவை மட்டும் வைத்துப் பார்த்தால்

2024 செப்டெம்பர் 21ஆம் தேதி ஜனாதிபதித் தேர்தலில் முதல் விருப்பை அநுரகுமார திசாநாயக்கவுக்கும் இரண்டாவதை ரணில் விக்கிரமசிங்கவுக்கும் போட்டேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஜேவிபிக்காரனுக்கா (மக்கள் விடுதலை முன்னணி, அநுரவின் கட்சி) என்று வீட்டிலேயே சண்டை. ஊழல், விலைவாசி எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் பார்த்தது வெளிநாட்டு விவகாரத்தை. 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாடு இது. எரிவாயு சிலிண்டர் வீட்டுக்கு வருமா வராதா என்பதே டில்லியும் பீஜிங்கும் வாஷிங்டனும் என்ன நினைக்கின்றன என்பதில் தொங்கிய காலத்தைப் பார்த்தாயிற்று.

தகுதிப் பட்டியலை மட்டும் பார்த்தால் ரணிலுக்குத்தான் போட வேண்டும். ஆறு தடவை பிரதமராக இருந்தவர், தேர்தலின்போது ஜனாதிபதி. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்திடமிருந்து சுமார் 3 பில்லியன் டொலர் திட்டத்தை எடுத்தார். 2024 ஜூனில் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையிலான கடன் கொடுத்தோர் குழுவோடு உடன்பாட்டை முடித்தார். அநுரவுக்கு 2004, 2005இல் கொஞ்ச நாள் விவசாய அமைச்சு, அவ்வளவுதான். கட்சியோ 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கிய கட்சி. இந்தியப் பொருளை வாங்காதே என்று மிரட்டிய கட்சி. எதிர்க்கட்சித் தலைவராகப் போட்டியிட்ட சஜித் பிரேமதாசவை இங்கே விட்டுவிடுகிறேன். வெளியுறவில் அவர் ரணிலிடமிருந்து எங்கே விலகுகிறார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

பிறகு ஏன் அநுர? ஒரே காரணம்தான்: நாங்கள் போடும் கையெழுத்து நிற்பதில்லை.

கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியா, ஜப்பானோடு சேர்ந்து கட்டுவதாக 2019 மே மாதம் உடன்பட்டோம். 2021 பெப்ரவரியில் தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும் கைவிட்டோம். கொழும்புக்கு இலகு ரயில் போட ஜப்பான் கடன் தர, 2020 செப்டெம்பரில் அதையும் வேண்டாம் என்றோம். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் 2015இல் நாங்களே இணை அனுசரணை வழங்கிய தீர்மானத்திலிருந்து 2020 பெப்ரவரியில் விலகினோம். மாறாமல் நின்ற பெரிய கையெழுத்து என்றால் 2017இல் சீன நிறுவனத்துக்குப் போன அம்பாந்தோட்டைத் துறைமுகம். 99 வருடக் குத்தகை, 1.12 பில்லியன் டொலர். காசு கைமாறிவிட்டது, இனி யார் வந்து அவிழ்ப்பது?

இந்த நோயை முழுசாகப் பார்க்கத் திருகோணமலைக்குப் போக வேண்டும். சீனன்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் (தாங்கிகள்) இருக்கின்றன, பிரித்தானியர் விட்டுப் போனவை. பெரும்பாலானவை காட்டுக்குள், கொடி படர்ந்து, துருவேறி நிற்கின்றன. அவற்றை இந்தியாவோடு சேர்ந்து சீரமைப்பதாக 1987இலேயே ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவும் கடிதம் பரிமாறினார்கள். 16 வருடம் கழித்து, 2003இல், ரணில் பிரதமராக இருந்தபோது இந்தியன் ஒயில் நிறுவனம் உள்ளே வந்தது. கீழ்ப்பகுதிக் குதங்கள் மட்டும்தான் பாவனைக்கு வந்தன. 2017இல் ரணில் டில்லியில் மறுபடி ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கைக்குப் போனார். அது அப்படியே கிடந்தது. 2022 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் அரசு ஒரு பங்கீட்டுக்கு வந்தது: 14 குதம் இந்தியன் ஒயிலுக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இருவரும் சேர்ந்து.

ஒவ்வொரு தடவையும் தெருவில் யார் நின்றார்கள்? பெரும்பாலும் ஜேவிபியும் அதன் தொழிற்சங்கங்களும். ரணிலின் பலவீனமும் இங்கேதான். அவர் அறைக்குள் பேசி முடிப்பதில் கெட்டிக்காரர், அதை ஊருக்குச் சொல்லி ஏற்க வைப்பதில் அக்கறை இல்லாதவர். அதனால் அடுத்து வருகிறவர் அதைக் கிழித்தால் கைதட்டு விழுகிறது. சீன ஆய்வுக் கப்பல் யுவான் வாங் 5 விசயத்தையே எடுங்கள். 2022 ஓகஸ்டில் முதலில் வருகையைத் தள்ளிப் போடச் சொன்னார்கள், பிறகு வரவிட்டார்கள். 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஒரு வருடத் தடை. கெட்டித்தனம்தான், ஆனால் தவணை முடியும்போது பதில் சொல்ல வேண்டியது யாரோ ஒருவர்.

எதிர்க்கிறவன் வெளியே இருக்கும்வரை எந்த ஒப்பந்தமும் தப்பாது, ஆகவே அவனையே மேசையில் உட்கார வை என்பதுதான் என் கணக்கு. கள்ளன் கையிலேயே திறப்பைக் கொடுக்கிறாய் என்றான் நண்பன். இருக்கலாம்.

அநுர வென்றார். நடந்ததைப் பார்த்தால் கணக்கு பெரிதாகப் பிழையாகவில்லை. நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் அவரது கூட்டணியான தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனம். அவரது முதல் வெளிநாட்டுப் பயணம் டிசம்பரில் டில்லிக்கு, அடுத்தது 2025 ஜனவரியில் பீஜிங்குக்கு. அங்கே சீன எண்ணெய் நிறுவனமான சினோபெக்கின் 3.7 பில்லியன் டொலர் சுத்திகரிப்பு நிலையத் திட்டம். ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தபோது பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கை, கூடவே ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துத் திருகோணமலை எரிசக்தி மையத்துக்கு ஒன்று. இதே பாதுகாப்பு உடன்படிக்கையில் ரணில் கையெழுத்திட்டிருந்தால் ஆர்ப்பாட்டத்தில் கொழும்புக் கோட்டைப் பக்கம் அன்றைக்கு பஸ் ஓடியிருக்காது.

என் வாதத்தில் ஓட்டையும் உண்டு. அந்தப் பாதுகாப்பு உடன்படிக்கையின் சரத்துகள் கைச்சாத்தின்போது வெளிவரவில்லை. ரணில்மீது நான் சொல்லும் குற்றம் இவர்கள் மீதும் அப்படியே பொருந்துகிறது. மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்தில் முந்திய அரசு ஒத்துக்கொண்ட விலையைப் புதிய அரசு மறுபடி பேசப் போக, 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. விலை கூடத்தான், மன்னார்ச் சனமும் அந்தத் திட்டத்தை விரும்பவில்லை. ஆனாலும் கையெழுத்து நிற்க வேண்டும் என்று மேலே எழுதியவன் இதை மறைக்க முடியாது. திருகோணமலையும் இன்னும் தாளில்தான். இந்த அரசு போன பிறகும் இவையெல்லாம் நின்றால்தான் நான் சொன்னது சரியா என்று தெரியும். அதற்குக் காலம் போதாது.

வடக்குக்கு நேரடியாகச் சுடும் இரண்டு விசயத்தில் இருவருக்கும் சைபர்தான். அநுர டில்லியில் நின்று இந்திய மீனவர்களின் இழுவை மடித் தொழிலை நிறுத்தச் சொன்னது உண்மை. ஆனால் இரவில் விரித்த வலை விடியும்போது மிதவையும் அறுந்த கயிறுமாகக் கிடப்பது நிற்கவில்லை. எங்கள் கரையில் சம்மாட்டிமார் (படகு முதலாளிகள்) இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள். ஜெனீவாவில் ரணில் அரசு போர்க்கால மீறல்களை ஆராய வெளிப் பொறிமுறை வேண்டாம் என்றது, 2024 ஒக்டோபரில் அநுர அரசும் அதையே சொன்னது. இந்த இரண்டை முன்வைத்து வாக்களிக்கப் போனவர்கள் பலர் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்குப் போட்டார்கள். 2 இலட்சத்துக்கும் மேல் வாக்கு விழுந்தது. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. இந்த இருவரில் யார் என்பதை மட்டும்தான் நான் பார்த்தேன்.