நார்வேயின் டிஜிட்டலார்கிவெட்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

என் மாமியாரின் தாத்தா 1880களில் நார்வேயிலிருந்து மினசோட்டாவுக்கு வந்தவர். குடும்பப் பெயர் பாக்கன். அவர் எந்த ஊர்க்காரர், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்து, சில வருடங்களாக நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டலார்கிவெட் இணையதளமே கதி என்று இருக்கிறேன். காசு கிடையாது. 1801, 1865, 1875, 1900, 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள், தேவாலயப் பதிவேடுகள், கப்பலேறியவர்களைப் பற்றிப் போலீஸார் எழுதிவைத்த பட்டியல்கள் எல்லாம் இருக்கின்றன.

ஆனால் பெயர் விஷயம் பிடிபடாமல் உள்ளே போனால் தலை சுற்றும். அந்தக் காலத்து நார்வே கிராமத்தில் நம்ம இனிஷியல் மாதிரி அப்பா பெயர்தான். ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்சன், மகள் ஆண்டர்ஸ்டாட்டர். அதன் பின்னால் குடியிருக்கும் பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் அதுவும் மாறும். குடும்பத்துக்கு ஒரே பெயர் என்று சட்டம் வந்ததே 1923இல்தான். அமெரிக்கா போனவர்கள் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். மினசோட்டா ஆளுநராக இருந்த க்னூட் நெல்சன், 1843இல் க்னூட் எவாங்கராகப் பிறந்தவர். பின்னாளில் அம்மாவை மணந்த நில்ஸின் பெயரால் நெல்சன் ஆனார்.

பாக்கன் என்றால் மேடு. நார்வேயில் மேட்டுக்கா பஞ்சம்? அந்தப் பெயரில் எக்கச்சக்கமான பண்ணைகள். அதனால் பெயரை விட்டுவிட்டு, 1900ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் பிறந்த மாதமும் வருடமும், வந்திறங்கிய வருடமும் எடுத்தேன். அப்பாவின் பெயரை லூத்தரன் தேவாலயத் திருமணப் பதிவு தந்தது. அதன் பிறகுதான் 1875ஆம் வருட நார்வே கணக்கெடுப்பில் அவர்கள் பக்கம் சிக்கியது.

அதில் அப்பா 'ஹூஸ்மன்', அதாவது பண்ணைக்காரரின் நிலத்தில் குடிசை போட்டு உழைத்தவர். ஒரு பசு, ஐந்து செம்மறி, விதைத்த உருளைக்கிழங்கு எவ்வளவு என்பது வரை கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். ஆக, பாக்கன் பண்ணை இவர்களுடையதே இல்லை. "அப்போ முதலாளி பேரையா நாங்க இத்தனை வருஷமா வெச்சிட்டிருக்கோம்?" என்று மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொரு பாக்கன் குடும்பத்தைப் பார்த்ததும் சொந்தம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். கட்டணத் தளம் ஒன்றில் மாமியாரின் தாத்தாவை யாரோ ஒரு நிலக்கிழாரின் மகனாக்கி வைத்திருந்தார்கள். அதைப் பத்துப் பேர் அப்படியே நகலெடுத்தும் இருந்தார்கள்.

சிரமமும் உண்டு. பல பதிவேடுகளுக்குப் பெயர் அட்டவணை இல்லை. பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும். பழைய கோதிக் கையெழுத்து கண்ணைப் பிடுங்கும். எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறுவதால் பெயரின் முதல் சில எழுத்துகளோடு நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். உறுதிப்பூசுதல் (பதின்வயதில் தேவாலயத்தில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பதிவையும் விடாதீர்கள்: பெற்றோர் பெயரோடு அம்மைத் தடுப்பூசி போட்ட தேதிகூடச் சில பக்கங்களில் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு பையன்கள் வந்தால் பிரித்தறிய அது போதும்.

தளத்துக்கு ஆங்கிலப் பக்கமும் உண்டு, ஆனால் பதிவேடுகள் நார்வேஜிய மொழியில்தான். அப்பா, அம்மா, பிறப்பு, குடிபெயர்வு என்று இருபது சொற்கள் தெரிந்தால் சமாளிக்கலாம். அடுத்து அந்த வட்டாரத்தின் 'பிக்டபூக்', அதாவது பண்ணை பண்ணையாகக் குடியிருந்தவர்களை எழுதிவைத்த உள்ளூர் வரலாற்று நூல், நூலகம் வழியாகக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன்.