பஃபர்: விளம்பரத்தை அடக்க உதவும் கருவியா, பெருக்க உதவும் கருவியா?

சமூக ஊடகப் பதிவுகளை முன்கூட்டியே எழுதி வைத்து, குறித்த நேரத்தில் தாமாக வெளியாகச் செய்யும் கருவிகளில் பஃபர் மூத்தவற்றுள் ஒன்று. 2010இல் ஜோயல் காஸ்கோயின் ட்விட்டருக்காக மட்டும் தொடங்கிய இச்சேவை, இன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் உள்ளிட்ட பல தளங்களுக்கும் பயன்படுகிறது. இதன் வசதிகள் அனைத்தையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒரு பிராண்டின் பக்கத்தை நடத்துபவர், ஓயாமல் தம் பொருளையே புகழ்ந்துகொண்டிருக்கும் வழக்கத்தைக் கைவிட இது உதவுகிறதா என்பதை மட்டுமே பார்க்கிறேன்.

பஃபரின் அடிப்படை அதன் வரிசை. எந்தக் கிழமையில் எத்தனை மணிக்குப் பதிவு வர வேண்டும் என்று ஒருமுறை அமைத்துவிட்டால், எழுதும் பதிவுகள் அடுத்தடுத்த இடங்களில் போய் அமர்ந்துகொள்ளும். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. காலியாகத் தெரியும் இடம் கண்ணை உறுத்தும். சொல்ல எதுவும் இல்லாத நாளில் அதை நிரப்ப எளிதில் அகப்படுவது தள்ளுபடி அறிவிப்போ, முன்பே செய்துவைத்த விளம்பரப் படமோதான். நாளொன்றுக்கு மூன்று இடங்களை அமைத்துவிட்டு நிரப்பத் திணறுவதைவிட, வாரத்துக்கு மூன்று இடங்களோடு தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. கேட்ட செய்தியையே புதுப்புதுச் சொற்களில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரும் இதில் உண்டு. ஒரே சலுகையைப் பத்து விதமாகச் சொல்லும் ஆசையை அது வளர்க்கவே செய்யும்.

இதற்கு மாறாக, பதிவுகளுக்கு நிறக் குறிச்சொல் இடும் வசதி உண்மையிலேயே பயனுள்ளது. விற்பனை, பயன்பாட்டு விளக்கம், பிறர் ஆக்கம், வாடிக்கையாளரின் ஐயம் என்று பிரித்துக் குறித்துவிட்டு நாட்காட்டியைத் திறந்தால், மாதம் முழுவதும் ஒரே நிறம் படர்ந்திருப்பது உடனே தெரிந்துவிடும். பத்தில் இரண்டு பதிவுகளுக்குமேல் விற்பனை பேசக்கூடாது என்று இத்துறையினர் சொல்வதை நான் சட்டமாகக் கொள்ளவில்லை. ஆனால் அளவு மீறியதைக் காட்ட ஓர் அடையாளம் தேவை. குறிச்சொல்லை இடுபவர் நேர்மையாக இட வேண்டும் என்பது வேறு. பயனுள்ள குறிப்பு போலத் தொடங்கி 'இப்போதே வாங்குங்கள்' என்று முடியும் பதிவு, விற்பனைக் கணக்கில்தான் சேரும்.

ஐயம் வந்தால் ஒரு பழைய அளவுகோல் கைகொடுக்கும். பக்கங்களின் அதீத விளம்பரப் பதிவுகளை 2015 ஜனவரி முதல் குறைவாகக் காட்டப்போவதாக 2014 நவம்பரில் அறிவித்த ஃபேஸ்புக், மூன்று வகைகளைச் சுட்டியது: வாங்கு அல்லது செயலியை நிறுவு என்று மட்டுமே தூண்டுபவை, உரிய பின்னணி இல்லாமல் பரிசுப் போட்டிக்கு அழைப்பவை, கட்டண விளம்பரத்தின் வாசகத்தை அப்படியே எடுத்து இடுபவை. வரிசையில் சேர்ப்பதற்குமுன் இம்மூன்றையும் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். பஃபர் அதைத் தானாகச் செய்து தராது.

உரையாடலையும் எந்தக் கருவியாலும் முன்கூட்டி எழுதி வைக்க முடியாது. சில தளங்களின் பின்னூட்டங்களுக்குப் பஃபருக்குள்ளிருந்தே பதில் எழுதலாம் என்றாலும், பதிவு வெளியாகும் நேரத்தில் அங்கே ஆள் இருக்க வேண்டும். பேரிடர்ச் செய்திகளுக்கு நடுவே சிரித்த முகத்தோடு ஒரு சலுகை அறிவிப்பு வெளியாகிவிடாமல் தடுக்க, வரிசையை நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. அதை நினைவில் வைத்து அழுத்துவதும் மனிதரின் வேலையே.

இலவசத் திட்டத்தில் மூன்று கணக்குகளை இணைத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பதிவுகள் வரை காத்திருக்கச் செய்யலாம். பலர் குறையாகக் கருதும் அந்த வரம்பைச் சிறு நிறுவனங்களுக்கு ஏற்றதாகவே நான் மதிப்பிடுகிறேன். பத்தே இடம் என்னும்போது எதை விடுவது என்று யோசித்தாக வேண்டும்.