மாலை ஐந்து மணிப் பசி: பவுடரா, சுண்டலா, ரஸ்க்கா?

எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்கள் எனக்குப் பசியே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். ஏழாம் மாதம் ஒரு சாயங்காலம் வயிறு கிள்ளியது. செலவழித்த பணமெல்லாம் போச்சா என்று பதறிவிட்டேன். அப்படி ஒன்றுமில்லை, பலருக்கும் பசி இப்படித் திரும்பி வருவதுதான்.

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துக் குழாய் போல ஆக்கும்போது அந்த இடமும் போய்விடுகிறது. எடை குறையச் செய்யும் இன்னொரு ஆபரேஷனான இரைப்பை பைபாஸில் எதையும் எடுப்பதில்லை. சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். சாப்பாடு குடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரமே போய்விடுவதால், 'போதும்' என்று சொல்லும் ஹார்மோன்கள் கூடுகின்றன. எது மேல் என்று என் அண்ணியோடு நிறையவே வாதாடியிருக்கிறேன். அவர் பைபாஸ். அவருக்கும் ஒரு வருஷத்தில் பசி வந்துவிட்டது. சரி, இனி சண்டை அடுக்களையில்தான்.

முதலில் புரோட்டீன் பவுடர். ஒரு ஸ்கூப்பில் 20 முதல் 25 கிராம் புரதம். தினமும் 60 கிராமாவது வேண்டும் என்கிறார்கள். கஞ்சியும் கூழுமாக ஓடும் முதல் மாதத்தில் பவுடர் இல்லாமல் அந்தக் கணக்கு தேறாது. ஆனால் பசிக்கு? குடித்த முக்கால் மணி நேரத்தில் நான் டப்பாக்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். குடிப்பது எதுவும் அந்தக் குழாய் வயிற்றில் தங்குவதில்லை.

சுண்டல் தங்கும். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் எட்டு, ஒன்பது கிராம் புரதம்தான், பவுடரில் பாதிகூட இல்லை. ஆனாலும் நார்ச்சத்து இருக்கிறது, மென்று தின்ன இருபது நிமிஷம் ஆகிறது. இரவுச் சாப்பாடு வரை வயிறு பேசாது. வாயு தொல்லை உண்டு. கொண்டைக்கடலை தோல் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாசிப்பயறுக்கு மாறலாம். அவசரம் மட்டும் கூடாது. ஒருமுறை போன் பேசிக்கொண்டே அள்ளிப் போட்டேன். நெஞ்சில் கல் வைத்தது போல அடைத்து, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி, வாஷ்பேசினே கதி என்று அரை மணி நேரம் நின்றேன்.

அவித்த முட்டை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒன்றில் ஆறு கிராம் புரதம், செலவும் வேலையும் குறைவு. ஆறிப்போன முட்டை வறண்டு தொண்டையில் நிற்கும், அதனால் சூடாகவே சாப்பிடுவேன்.

உண்மையான வில்லன் டீயில் நனைத்த ரஸ்க். கூடவே மிக்சர், முறுக்கு. இரண்டு இட்லிக்கு மேல் இறங்காத அதே வயிற்றில் அரைப் பாக்கெட் மிக்சர் இறங்குகிறது! வாயிலேயே மாவாகி வழுக்கிக்கொண்டு போவதால் நிறைந்த உணர்வே வராது. வயிற்றுக்கு இதம் என்று நாம் நம்பும் குழைந்த ரசம் சாதமும் இந்தக் கூட்டம்தான். இதைச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே, அரை மணி கழித்துக் குடி என்று டயட்டீஷியன் தலையில் அடித்துக்கொள்வதும் இதற்காகத்தான். இனிப்புக்கு அண்ணியின் தண்டனை வேறு: தீபாவளிக்கு இரண்டு குலாப் ஜாமூன் சாப்பிட்டுவிட்டு, படபடப்பும் வியர்வையுமாகப் படுத்துவிட்டார். டம்பிங் என்பார்கள். பைபாஸ்காரர்களுக்கு அது அதிகம்.

மோரைப் பசிக்கு என்று எண்ண மாட்டேன். ஆனால் ஒரு டம்ளர் குடித்துக் கால் மணி பொறுத்தால், வந்தது பசியா தாகமா என்று தெரிந்துவிடும். இன்னொரு வேஷமும் உண்டு: அமிலம். ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் பலருக்கு வருகிறது, அது பசி போலவே கிள்ளும். இரண்டு வாரம் விடிகாலையில் எழுந்து பிஸ்கட் தின்றேன். டாக்டர் அமிலத்துக்கு மாத்திரை கொடுத்ததும் அந்தப் 'பசி' காணாமல் போனது.

இத்தனைக்கும் அடங்காமல் எடையும் ஏறினால், பசியைக் குறைக்கும் செமாகுளுடைட் மாதிரி ஊசிகள் இருக்கின்றன. அது டாக்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம், மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதல்ல.

இப்போது என் ஐந்து மணிக்கு ஒரு முட்டையும் சின்னக் கிண்ணம் பாசிப்பயறு சுண்டலும். பவுடர் டப்பா பயணத்துக்கு மட்டும். அண்ணி சைவம், அதனால் முட்டைக்குப் பதில் 50 கிராம் பன்னீரைத் தோசைக்கல்லில் வாட்டி மிளகு தூவிச் சாப்பிடுகிறார். போன வாரம் அவர் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன். சுண்டலைவிட நன்றாகத்தான் இருந்தது, அவரிடம் சொல்லவில்லை.