மஞ்சள் ஜெர்சி, கலூர் கேலரி: பல சீசன் புழங்கியதில் தெரிந்தவை

பாலக்காட்டுத் தமிழ் எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் மஞ்சள் ஜெர்சி போட்ட ஆள் டீக்கடையில் நின்றால், ‘சிஎஸ்கேவா, பிளாஸ்டர்ஸா?’ என்று கேட்டால்தான் தெரியும். ஏப்ரலில் பெரும்பாலும் முன்னது. துலாவர்ஷம் கொட்டும் அக்டோபரில் பின்னது. இரண்டுக்கும் ஒரே சட்டையைப் போட்டு ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு, அது அவரவர் மனசாட்சி.

இங்கே பேச்சு பின்னதைப் பற்றி. கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் மஞ்சள் சட்டை பல சீசன் உழைத்த பிறகு எப்படி இருக்கிறது, அவர்கள் ஆடும் கொச்சி கலூர் மைதானம் எல்லைப்புறத்திலிருந்து போய்வருகிறவர்களுக்கு எவ்வளவு ஒத்துவருகிறது என்பதுதான் விஷயம். மார்க்கை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜெர்சிக்குப் பத்துக்கு எட்டு, ஆனால் துவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். மைதானத்துக்குப் பத்துக்கு ஆறு. அங்கே எழும் சத்தத்தைத் தனியாக எடுத்தால் பத்துக்குப் பத்து.

ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014இலேயே வந்த கிளப் இது. சச்சினுக்கு இருந்த ‘மாஸ்டர் பிளாஸ்டர்’ பட்டத்திலிருந்து பெயர் எடுத்தார்கள், அவரே அன்றைக்குப் பங்குதாரர். மும்பை நீலத்தில் ஆடியவர் கால்பந்துக்கு மஞ்சளைப் பிடித்தார். சென்னை மஞ்சளில் ஆடிக்கொண்டிருந்த தோனி அதே வருஷம் நீலச் சட்டை போடும் சென்னையின் எஃப்சியில் பங்கு எடுத்தார். நிறத்தை வைத்து ஆளைக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இது இன்றைக்கும் குழப்பம்தான். சச்சின் 2018இல் பங்கை விற்றுவிட்டு விலகினார். பெயர் போகவில்லை, மஞ்சளும் போகவில்லை.

சின்னத்தில் இருப்பது தும்பிக்கை தூக்கிய ஆனை, அதனால் அணிக்குக் கொம்பன்மார் என்று பெயர். ரசிகர் கூட்டத்துக்கு மஞ்ஞப்பட. 2021 முதல் 2024 வரை பயிற்சியாளராக இருந்த இவான் வுகொமனோவிச்சை எல்லாரும் கூப்பிட்டது ஆசான் என்று. கொம்பன், மஞ்சப் படை, ஆசான்: சித்தூர் தாலுகாவில் இந்த மூன்றுக்கும் யாரும் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. வாளையாருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் தேவைப்படாது.

இந்தக் கிளப்பில் நிலையாக இருப்பது மஞ்சளும் ஆனையும் மட்டும்தான். ஜெர்சி வாங்கும்போது மறக்கக் கூடாதது இதுதான். ஸ்பான்சர் பெயர் மாறும், தைக்கிற கம்பெனி மாறும், ஆட்டக்காரர் கண்டிப்பாக மாறுவார். முதல் சீசனிலிருந்து ஆடிய சந்தேஷ் ஜிங்கன் 2020இல் போனார். ஓக்பெச்சே 2019-20இல் 15 கோல் அடித்துவிட்டு ஒரே சீசனில் மும்பைக்குப் போனார். சகல் அப்துல் சமத் 2023இல் கொல்கத்தாவுக்குப் போனார். டயமண்டகோஸ் 2023-24இல் அதிக கோலுக்கான தங்க பூட் வாங்கிய கையோடு அவரும் கொல்கத்தா போய்விட்டார், வேறு கிளப்புக்கு. முதுகில் பெயர் அடித்த சட்டை அடுத்த சீசனில் எதிரணிக்காரரின் பெயரோடு பெட்டிக்குள் கிடக்கும். வெறும் முதுகோடு வாங்குங்கள். எண் கட்டாயம் வேண்டும் என்றால் 12 போட்டுக்கொள்ளலாம், ரசிகருக்கான எண் அது.

மஞ்சளே கைவிட்ட ராத்திரியும் ஒன்று உண்டு. 2022 மார்ச் 20, கோவா ஃபதோர்தாவில் இறுதி ஆட்டம், எதிரே ஹைதராபாத். அவர்களுக்கும் மஞ்சள்தான். புள்ளிப் பட்டியலில் அவர்கள் மேலே இருந்ததால் மஞ்சள் அவர்களுக்குப் போனது, பிளாஸ்டர்ஸ் கறுப்பில் இறங்க வேண்டியதாயிற்று. கேலரி முழுக்க மஞ்சள், ஆனால் களத்தில் மஞ்சள் போட்டிருப்பது எதிரி. 1-1இல் நின்று பெனால்டியில் 3-1 என்று தோற்றார்கள். வெளியூர் ஆட்டத்துச் சட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. கறுப்பு சாயம் வெளுக்காது, கறை தெரியாது, பார்க்கவும் கம்பீரம். போட்டுக்கொண்டு கிழக்கு கேலரிக்குப் போனால் மட்டும் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இனி துணி. கழுத்துப்பட்டியைத் திருப்பி லேபிளைப் பார்ப்பதைவிடத் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது மேல். மஞ்சள் வெளிர் நிறம், மெல்லிய பாலியெஸ்டர் வியர்வையில் நனைந்தால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். 140 முதல் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) இருந்தால் கவலையில்லை. 120க்குக் கீழே இறங்கினால் வெயில் காலத்துக்கு இதமாக இருக்கும், இரண்டாம் பாதியில் பனியன் தெரியும். ஏழு பேர் ஆடும் ஊர் செவன்ஸ் டீமுக்குத் திருப்பூரில் மொத்தமாகத் தைக்கக் கொடுக்கிறவர்கள் ‘மஞ்சள் டாட் நிட்’ என்று மட்டும் சொல்லி முடிக்காமல் ஜிஎஸ்எம்மையும் சேர்த்துச் சொல்லவும். எல்லாச் சட்டைக்கும் துணி ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றியதில், வெட்ட வேண்டும் என்பதையும் சொல்லவும். மஞ்சளில் லாட் மாறினால் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், கோல்கீப்பருக்கு எதிர் நிறம் தேடவே தேவையில்லை என்கிற அளவுக்கு. பழைய சட்டைக்கு மேட்சாக இன்னும் நாலு சட்டை தைத்துக் கேட்பதும் வீண் முயற்சி.

அச்சில் இரண்டு வகை. சாயத்தைச் சூட்டில் துணிக்குள்ளேயே இறக்குவது சப்ளிமேஷன். விரலால் தடவினால் மேடு தட்டாது, துணி கிழிகிற வரைக்கும் போகாது. இன்னொன்று மேலே ஒட்டுவது, எண்ணின் ஓரம் நகத்தில் தட்டும். விரிசல் விடுவது, உரிவது எல்லாம் இதில்தான், பெரும்பாலும் இஸ்திரிப் பெட்டியால் வருவது. ஒட்டும்போது பசை இளகிப் பிடிப்பது 150 டிகிரி அருகில். வீட்டு இஸ்திரியைப் பருத்திக்கான சூட்டில் வைத்து எண் மேல் இழுத்தால் பசை மறுபடி இளகும், ஓரம் நகரும். பாலியெஸ்டரும் அந்தச் சூட்டில் நசுங்கிப் பளபளவென்று ஆகிவிடும், அந்தத் தழும்பு பிறகு போகாது. இந்தச் சட்டைக்கு இஸ்திரியே வேண்டாம். ஈரத்தோடு உதறி ஹேங்கரில் மாட்டினால் சுருக்கம் தானாகப் போய்விடும்.

சைஸ் விஷயத்தில் ஏமாறுவது ‘பிளேயர் வெர்ஷன்’ என்று விற்பதில். அது உடம்பை ஒட்டி நிற்கிற வெட்டு. உங்களுக்குச் சரியாக இருக்கிற டிஷர்ட்டைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் டேப் வையுங்கள். 20 அங்குலம் வந்தால் சுற்றளவு 40. கடைக்காரரின் அட்டவணையில் அதைப் பார்த்து, பிளேயர் வெட்டு என்றால் ஒரு சைஸ் கூட்டிக்கொள்ளுங்கள். தொப்பை வைத்தவர்கள் கூச்சப்படாமல் இரண்டு கூட்டலாம்.

துவைப்பில்தான் பாதிப் பேர் சட்டையைக் கெடுக்கிறார்கள். மஞ்சளோடு நீலக் கழுத்து, நீலப் பட்டை இருக்கும் சட்டையைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டாலோ, துவைத்ததை ஈரத்தோடு பக்கெட்டிலேயே விட்டாலோ, ஒட்டாமல் தங்கிய நீலச் சாயம் மஞ்சளில் இறங்கும். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. அக்குள் ஓரத்தில் பாசி படிந்த மாதிரி நிற்கும், பிறகு எதற்கும் போகாது. முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, சூடில்லாத தண்ணீரில், ஊறவைப்பது கால் மணி நேரத்துக்குள். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடவும், அச்சு உரசாது. சாயம் நிற்க உப்புப் போடுவது பருத்திக்கு இருந்த பழக்கம், பாலியெஸ்டரின் சாயத்துக்கு உப்பால் ஒன்றும் ஆகாது. துணி மிருதுவாக ஊற்றுகிற வாசனைத் திரவமும் வேண்டாம். அது நூலில் படலமாகப் படிந்து, வியர்வையை உறிஞ்சி வெளியே விடுகிற வேலையைக் கெடுத்துவிடும்.

சித்தூரின் கிழக்குப் பக்கத்துக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு, போர்வெல் தண்ணீர். உப்புக் கனத்த தண்ணீரில் பார் சோப்புப் போட்டுத் தேய்த்தால் நுரை வராது, வெள்ளைப் பிசுக்குத்தான் வரும். அது துணியில் தங்கி, பத்துத் துவைப்பில் மஞ்சள் மங்கலாகத் தெரியும். சாயம் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள், போனது சாயம் இல்லை, மேலே ஏறியது பிசுக்கு. திரவ டிடர்ஜென்டில் துவைத்து, கடைசி அலசல் பக்கெட்டில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றி அலசினால் இரண்டு மூன்று தடவையில் நிறம் மீளும். வியர்வை நாற்றம் பிடித்துக்கொண்டால், 10 லிட்டர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து கால் மணி நேரம்.

சோடாவில் போடுமுன் குழம்புக் கறை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மஞ்சள் சட்டையில் சாம்பார் சொட்டினால் கண்ணுக்குத் தெரியாது, அதுவே பெரிய வசதி என்று இருந்துவிடுவோம். சோப்போ சோடாவோ பட்டதும் அந்த இடம் ரத்தச் சிவப்பாகும். பதறிப்போய் இன்னும் சோப்புப் போட்டுத் தேய்த்தால் இன்னும் சிவக்கும். அது புதுக் கறை இல்லை. சமையல் மஞ்சளில் உள்ள குர்குமின் சோப்பு, சோடா போன்ற காரப் பொருள் பட்டால் சிவப்பாகும், அவ்வளவுதான், சுண்ணாம்பு பட்ட மஞ்சள் ஆரத்தித் தட்டில் சிவப்பது போல. நன்றாக அலசினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். பிறகு கறைப் பக்கம் வெயில் படும்படி ஒரு பகல் கொடியில் போட்டால் போதும், வெயிலில் குர்குமின் நிற்காது. பிளீச்சைத் தொடவே வேண்டாம்.

மைதானத்துக்கு வருவோம். கலூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் 1996இல் திறந்தது, கொச்சி வளர்ச்சி ஆணையத்தின் சொத்து. கேலரிக்கு அடியில் வட்டமாகக் கடைகளும் அலுவலகங்களும் இருக்கும். கிரிக்கெட்டுக்கும் சேர்த்துக் கட்டியது. பிளாஸ்டர்ஸுக்குப் பெயர் தந்த சச்சின் இங்கே 1998இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 32 ரன்னுக்கு 5 விக்கெட், 2005இல் பாகிஸ்தானுக்கு எதிராக 50 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். மட்டையால் பேர் வாங்கியவர் கொச்சியில் பந்தால் இரண்டு தடவை ஐந்து விக்கெட் எடுத்திருக்கிறார். 2018இல் ஒரு நாள் ஆட்டத்துக்காக நடுவில் பிட்ச் வெட்டப் பார்த்தபோது கால்பந்து ரசிகர்கள் கொதித்ததில் அந்த ஆட்டம் திருவனந்தபுரத்துக்குப் போனது.

கிரிக்கெட் வட்டத்தின் விலையைப் பார்வையாளர்தான் கொடுக்கிறார். கால்பந்துக் கோட்டுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே பெரிய இடைவெளி. கோலுக்குப் பின்னால் கீழ்த்தட்டில் உட்கார்ந்தால் எதிர்க் கோல் பக்கம் நடப்பது கால்களின் கூட்டமாகத்தான் தெரியும். ஆஃப்சைடா இல்லையா என்று அடித்துப் பேசுகிறவர்கள் எல்லாம் ஊகத்தில்தான் பேசுகிறார்கள். காசு குறைவு என்று கீழே எடுப்பதைவிட, மேல்தட்டில் நடுக்கோட்டுக்கு நேராக எடுங்கள். தூரம் கூடும், ஆனால் ஆட்டம் வரைபடம் போல விரியும். சத்தம்தான் வேண்டும் என்றால் கிழக்கு கேலரி, மஞ்ஞப்பட கூடும் இடம். அங்கே 90 நிமிஷமும் நிற்க வேண்டும், உட்காரலாம் என்ற எண்ணத்தோடு போனால் முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். மாலை ஐந்து மணி ஆட்டங்களில் மேற்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கும், தொப்பி தேவை.

2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகச் சீர் செய்து, பாதுகாப்புக்காக ஆள் எண்ணிக்கையைக் குறைத்த பிறகு 41,000 பேர் அளவுக்குக் கொள்ளும். 2016 இறுதி ஆட்டத்துக்கு 50,000க்கு மேல் நெருக்கியடித்த நாளோடு ஒப்பிட்டால் இப்போது மூச்சு விடலாம். கேலரியில் பெரும்பகுதிக்குக் கூரை கிடையாது. குடையை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், மடித்துப் பாக்கெட்டில் வைக்கிற மழைக் கோட்டு நல்லது. தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், ஹெல்மெட், பை எல்லாமே வாசலில் தகராறுதான். கொடிக்குக் கம்பு விடமாட்டார்கள், துணியை மட்டும் கழுத்தில் சுற்றிக்கொண்டு போங்கள்.

போகிற வழியில், ரயில் என்றால் பாலக்காடு டவுன் ஸ்டேஷனுக்குப் போய் நிற்காதீர்கள், எர்ணாகுளம் வண்டிகள் பெரும்பாலும் ஒலவக்கோட்டில் இருக்கும் ஜங்ஷனிலிருந்து. எர்ணாகுளம் நார்த்தில் இறங்கி டவுன் ஹால் மெட்ரோ ஏறினால் கலூரை அடுத்து ஸ்டேடியம் ஸ்டேஷன், இரண்டாவது நிறுத்தம். காரில் போகிறவர்களுக்குக் குதிரான் சுரங்கம் 2021இல் திறந்ததிலிருந்து மலை மேல் நிற்கிற வேலை போயிற்று. இப்போது நேரத்தைத் தின்பது பாலியேக்கரைக்கும் அங்கமாலிக்கும் நடுவே. காரை நகருக்குள் கொண்டுபோக வேண்டாம், ஆலுவாவில் விட்டுவிட்டு மெட்ரோ. ஆலுவாவையும் சேர்த்து எண்ணினால் பன்னிரண்டாவது ஸ்டேஷன். திரும்பி வருவதற்கான டிக்கெட்டையும் போகும்போதே எடுத்துவிடுங்கள், ஆட்டம் முடிந்ததும் கவுன்டரில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். ஆட்ட நாட்களில் மெட்ரோ கூடுதல் நேரம் ஓடுவது வழக்கம், எத்தனை மணி வரை என்பதை அன்றைக்கு வருகிற அறிவிப்பில் பார்த்துக்கொள்ளவும்.

ஏழரை மணி ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகும். விசில் அடித்ததும் படிக்கட்டுக்கு ஓடாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நெரிசல் வடிந்துவிடும். ராத்திரி வண்டியில் ஏறியதும் வியர்த்த ஜெர்சியைப் பையில் சுருட்டி வைக்க வேண்டாம், சட்டையை மாற்றிக்கொண்டு அதை ஜன்னலோரக் கொக்கியில் தொங்கவிடுங்கள். நாற்றம் துணியில் இறங்குவது அந்தச் சுருட்டலில்தான். மாட்டிவிட்டால் ஒலவக்கோடு வருவதற்குள் காய்ந்திருக்கும்.