இட்லிப் பொடிக்கு எந்த பிராம்ப்ட்?

என் அண்ணி மதுரையில் வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கிறார். இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் பதிவு எழுதிக் கொடுப்பது என் வேலை. சாட்ஜிபிடி, ஜெமினி என்ற இரண்டு ஏஐ செயலிகளிலும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். செயலியை மாற்றியதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிராம்ப்டை, அதாவது அதற்கு நாம் கொடுக்கும் கட்டளையை, மாற்றியபோதுதான் தெரிந்தது.

முதலில் ஒற்றை வரி. "இட்லிப் பொடிக்கு ஒரு இன்ஸ்டா போஸ்ட் எழுது." பத்து நொடியில் வந்தது: "பாரம்பரியத்தின் சுவை, இனி உங்கள் இல்லத்தில்!" கூடவே எமோஜி வரிசை. பொடியை எடுத்துவிட்டு நெய் என்று போட்டாலும் பொருந்தும், ஊதுபத்தி என்று போட்டாலும் பொருந்தும். பொங்கல் வாழ்த்துக்கு இது போதும்.

அடுத்தது, இலவசமாகச் சுற்றிவரும் நீளமான பிராம்ப்ட். "நீ பத்து வருட அனுபவமுள்ள மார்க்கெட்டிங் நிபுணர்" என்று ஆரம்பித்து யாருக்கு, என்ன தொனி, எத்தனை ஹேஷ்டேக் என்று போகும். இதில் உருப்படியான விஷயமும் உண்டு. இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து வரை எழுத இடமிருந்தாலும், ஃபீடில் கண்ணில் படுவது முதல் ஓரிரு வரிதான். அதனால் முதல் வரியில் ஆளை நிறுத்து என்பது நல்ல யோசனை. "280 எழுத்துக்குள்" என்று எக்ஸ் தளத்துக்குக் கேட்பதை மட்டும் நம்பாதீர்கள். "தமிழ்" நமக்கு மூன்றெழுத்து, எக்ஸ் கணக்கில் ஐந்து; இகரக் குறியையும் புள்ளியையும் அது தனியாக எண்ணும்.

இதன் பெரிய வம்பு வேறு. நாம் சரக்கு கொடுக்காத இடத்தை அதுவாகவே நிரப்பிக்கொள்ளும். ஒருமுறை "மூன்று தலைமுறைக் கைப்பக்குவம், 100% ஆர்கானிக்" என்று எழுதித் தந்தது. அண்ணி தொழிலை ஆரம்பித்ததே 2020 ஊரடங்கில்! மிளகாய் வாங்குவது கீழமாசி வீதி மொத்தக் கடையில். ஆர்கானிக் என்று சொல்லி விற்க முறையான சான்று வேண்டும். கவனிக்காமல் போட்டிருந்தால் மாட்டிக்கொள்வது அண்ணிதான்.

இப்போது எங்கள் வழக்கம் மூன்றாவது. அண்ணி வாய்ஸ் நோட் அனுப்புவார்: "தம்பி, நாலு நாளா மழை. மிளகாய் காயவே இல்ல. இந்த வாரம் பருப்புப் பொடி மட்டும்தான். கால் கிலோ நூத்தி அறுபது." அதை அப்படியே தட்டி, அவரே முன்பு எழுதிய இரண்டு பதிவுகளைக் கீழே ஒட்டுவேன். அப்புறம் பேச்சுத் தமிழிலேயே நாலு வார்த்தை: "இதுல இல்லாத எதையும் சேர்க்காத. மூணு வரி போதும். எமோஜி வேண்டாம். அவங்க சொன்ன வார்த்தைய மாத்தாத." இதே கட்டளையை ஆங்கிலத்தில் கொடுத்தபோது வந்த தமிழில் மொழிபெயர்ப்பு வாடை அடித்தது.

வந்த பதிவு இது: "நாலு நாளா மழை, மிளகாய் காயவே இல்ல. இந்த வாரம் பருப்புப் பொடி மட்டும்தான். கால் கிலோ 160 ரூபாய்."

இதற்கு ஏஐ எதற்கு என்று கேட்டால், இந்த ஒன்றுக்குத் தேவையே இல்லைதான். ஆனால் அண்ணியின் வாய்ஸ் நோட் பல நாள் நாலு நிமிஷம் ஓடும். நடுவில் கேஸ் சிலிண்டர் வரும், எங்கள் அம்மாவின் முழங்கால் வலி வரும். அதிலிருந்து பொடியை மட்டும் சலித்து எடுப்பதில் ஏஐ கெட்டி.

அந்த மழைப் பதிவுக்கு ஆர்டரை விட விசாரிப்புதான் அதிகம். "மிளகாய் காஞ்சிருச்சாக்கா?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்கெல்லாம் அண்ணியே பதில் போட்டுவிட்டார்.